கார்ல் மால்டன்: இரண்டாம் நாற்காலியில் அறுபது ஆண்டுகள்

கருப்புவெள்ளை எழுதியது:

நம் குழுவில் நடிகர் மார்லன் பிராண்டோவைப் பற்றி மூன்று இழைகள் ஓடியிருக்கின்றன. இயக்குநர் எலியா கஸானைப் பற்றிய இழை சண்டையில் முடிந்து பூட்டப்பட்டது. இந்த நான்கிலும் அமெரிக்க நடிகர் கார்ல் மால்டனின் பெயர் ‘உடன் நடித்தவர்’ என்ற அளவில் தலைகாட்டிவிட்டு மறைகிறது. அவருக்கென்று ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

1912 மார்ச் 22 அன்று சிகாகோவில் பிறந்தபோது அவருக்கு வைக்கப்பட்ட பெயர் ம்லாடென் ஜார்ஜ் செகுலோவிச். தந்தை பீட்டர், ஹெர்செகோவினா பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய செர்பியர். தாயார் மின்னி செக் வம்சத்தவர். குழந்தைக்கு ஐந்து வயதானபோது குடும்பம் இண்டியானா மாநிலத்தின் கேரி நகருக்கு இடம்பெயர்ந்தது. வீட்டில் புழங்கிய மொழி செர்பியம். பள்ளிக்குப் போகும்வரை சிறுவனுக்கு ஆங்கிலம் தெரியாது. தந்தை அங்கிருந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக் கூடத்தில் நாடகங்கள் போடுவார், பாடகர் குழுவில் பாடுவார். மகன் முதன்முதலில் மேடையேறியது அந்தக் கூடத்தில், செர்பிய வசனம் பேசித்தான். பள்ளிக் காலத்தில் கூடைப்பந்து ஆடி இரண்டு முறை மூக்கை உடைத்துக்கொண்டார். திரையில் பின்னாளில் உலகமே அடையாளம் கண்டுகொண்ட அந்தக் குமிழ் மூக்கு அப்படி வாய்த்தது. கதாநாயக முகராசி தமக்கு இல்லை என்பதை இருபது வயதிலேயே உணர்ந்துகொண்ட மனிதர், அந்த முகத்தை வைத்துக்கொண்டே 2000ஆம் ஆண்டுவரை நடித்தார்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ‘குணச்சித்திர நடிகர்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது அப்பா, மாமா, நீதிபதி, பாதிரியார் என்று வேடங்களின் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறோம். மால்டனை அந்தப் பட்டியலில் அடைப்பது எளிது, ஏனெனில் அந்த வேடங்கள் எல்லாவற்றையும் அவர் போட்டிருக்கிறார். ஆனால் எதிரில் நிற்பவர் பேசுவதை முழுதாகக் கேட்டு, கேட்ட பிறகே மனம் மாறுகிறவராக நடிப்பதுதான் அவருடைய கைத்தொழில். அவர் எதிரே நிற்கும்போது பிராண்டோவின் முணுமுணுப்புகூடத் தெளிவாகக் காதில் விழுகிறது. நண்பர்கள் மறுக்கலாம், மறுப்புக்காகவே எழுதுகிறேன்.

மேடைவாசி எழுதியது:

நல்ல இழை. மேடைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மால்டன் சிகாகோவின் குட்மன் நாடகப் பள்ளியில் பயின்று, 1937இல் நியூயார்க் வந்து, குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவின் ‘கோல்டன் பாய்’ நாடகத்தில் சிறு வேடம் ஏற்றார். கஸானைச் சந்தித்தது அங்கேதான். பெயர் மாறியதும் அக்காலத்தில்தான்: ம்லாடென் என்பதில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி மால்டன் என்று குடும்பப் பெயராக்கிக்கொண்டு, தாய்வழித் தாத்தாவின் பெயரான கார்லை முன்னால் சேர்த்துக்கொண்டார். 1938இல் மோனாவை மணந்தார். அந்த மணவாழ்க்கை 70 ஆண்டுகள் நீடித்தது. போர்க்காலத்தில் விமானப் படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கையில் பெரிய வேடம் ஒன்றும் இல்லை.

1947 டிசம்பரில் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ பிராட்வேயில் அரங்கேறியபோது மிட்ச் வேடம் அவருக்குக் கிடைத்தது. நாயகி ப்ளாஞ்சாக மேடையில் ஜெசிகா டேண்டி, படத்தில் விவியன் லீ. 1951இல் வெளிவந்த படத்தைத்தான் நம்மால் பார்க்க முடியும் என்றாலும், மேடையில் நாள்தோறும் அந்த வேடத்தில் ஊறியவர் என்பது படத்தைப் பார்த்தாலே புலப்படும். மிட்ச் வியர்வைக்குக் கூசுகிறவன். அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்பதால் சீட்டாட்டத்தின் நடுவே வீட்டை நினைத்துக்கொள்கிறவன். ப்ளாஞ்சுடன் தனியாக இருக்கும்போது தன் எடையையும் உயரத்தையும் பற்றிப் பேசுகிறான். பேசுவதற்கு அவனிடம் வேறெதுவும் இல்லை. பின்னர் அவளுடைய கடந்தகாலம் தெரியவந்ததும் குடித்துவிட்டு வந்து, விளக்கின் மீதிருந்த காகிதக் கூண்டைப் பிய்த்து எறிந்து, அவள் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறான். அந்த இடத்தில் மால்டன் குரலை உயர்த்துகிறார்; ஆனால் கை நடுங்குகிறது. ஒரு நல்ல மனிதன் கொடுமை செய்யப் பழக்கமில்லாமல் கொடுமை செய்கிற காட்சி அது. சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது முழுக்க நியாயம். விவியன் லீக்கும் கிம் ஹண்டருக்கும் கிடைத்தது. இந்தப் படத்தின் நடிப்புக்காகப் பரிந்துரைக்கப்பட்ட நால்வரில் வெறுங்கையோடு திரும்பியவர் பிராண்டோ ஒருவர்தான்!

கடைசிவரிசை எழுதியது:

இழையைத் தொடங்கிய நண்பருக்கு வணக்கம். நான் எதிர்க்கட்சி.

மால்டன் உழைப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய புகழ் முழுவதும் கஸான் என்ற இயக்குநர், பிராண்டோ என்ற நடிகர் ஆகிய இருவரின் நிழலில் விளைந்தது. அந்த இருவரும் இல்லாத இடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். ‘மீட்டியர்’, ‘பியாண்ட் தி பொசைடன் அட்வென்ச்சர்’ என்று 1979இல் மட்டும் இரண்டு பேரழிவுப் படங்கள். இரண்டுமே ரசிகர்களுக்கு நேர்ந்த பேரழிவுகள். அடுத்து விளம்பரம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பயணக் காசோலைக்காக 21 ஆண்டுகள் தொப்பியுடன் வந்து, காசோலை இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள் என்று எச்சரித்தார். ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு அவரைத் தெரிந்தது அந்த எச்சரிக்கையால்தான்.

‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ படத்தில் பாதிரியார் பாரியாக வருகிறார் அல்லவா, அங்கும் எனக்கொரு குறை உண்டு. சுற்றியிருப்பவர்கள் அனைவரும் வாய்க்குள் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பிரசங்க மேடையில் நிற்பதைப்போல் முழங்குகிறார். கேட்கிறவராக நடிப்பதுதான் இவருடைய கைத்தொழில் என்கிறீர்கள். அந்தக் காட்சியில் ஊரே கேட்கிறது, இவர் பேசுகிறார்.

தொகுப்பறை எழுதியது:

கடைசிவரிசை நண்பர் சொல்லும் காட்சியை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். படத்தொகுப்பு என் பிழைப்பு என்பதால் அந்தப் பழக்கம்.

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட டூகன் என்ற தொழிலாளி கப்பலின் சரக்கறையில் பெட்டிகள் விழுந்து சாகிறான். விபத்தைப்போல் நடத்தப்பட்ட கொலை அது. பாதிரியார் அந்தப் பள்ளத்தில் இறங்கி, பிணத்தின் பக்கத்தில் நின்று, மேலே விளிம்பில் நிற்கும் கூட்டத்தை அண்ணாந்து பார்த்துப் பேசுகிறார். பேசுகிறவர் பள்ளத்தில், கேட்கிறவர்கள் உயரத்தில் என்பதைக் கவனியுங்கள். பிரசங்க மேடைக்கு நேர் எதிரான அமைப்பு. அவர்மீது பழத்தை எறிகிறார்கள், தகர டப்பாவை எறிகிறார்கள், நெற்றியில் இரத்தம் வருகிறது. ஒவ்வோர் எறிக்கும் பிறகு மால்டன் விடும் இடைவெளியைப் பாருங்கள். எறிந்தவன் யார் என்று தேடுவதில்லை, இரத்தத்தைத் துடைத்துக்கொள்வதில்லை, விட்ட வாக்கியத்தைத் தொடர்கிறார். அவ்வளவு முழக்கத்துக்கு நடுவில் டெர்ரியாக வரும் பிராண்டோ அதிகம் பேசாமல் நிற்கிறார். மேலும் எறியப் போகிறவனை ஒரே குத்தில் வீழ்த்துகிறார். அந்த முழக்கம் இல்லாவிட்டால் பிராண்டோவின் மௌனத்துக்கு என்ன எடை இருக்கும்? இறுதியில் பாரம் தூக்கியில் பிணத்தோடு பாதிரியாரும் மேலே தூக்கப்படுகிறார், அப்போது அவர் பேசவில்லை.

அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி ஜான் கொரிடன் என்ற இயேசு சபைக் குருவானவர். நியூயார்க் துறைமுகத் தொழிலாளர்களுக்காக வேலை செய்தவர், வாய்த்துடுக்கானவர். சாந்தமான பாதிரியாராக நடித்திருந்தால்தான் பொய்யாகியிருக்கும்.

இன்னொரு தகவல்: 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான துணை நடிகர் ஆஸ்கருக்கு இந்த ஒரே படத்திலிருந்து மால்டன், லீ ஜே. காப், ராட் ஸ்டைகர் மூவரும் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஒருவர் வாக்கை மற்றவர் பிரித்துக்கொண்டார்களோ என்னவோ, விருது ‘தி பேர்ஃபுட் கான்டெஸா’வில் நடித்த எட்மண்ட் ஓ’பிரையனுக்குப் போய்விட்டது.

புதுவரவு எழுதியது:

ஐயா, நான் இவருடைய படம் ஒன்றையும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

உருக்காலை எழுதியது:

திரைப்படத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்குக் குறைவு. உருக்காலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கேரி நகரம் 1906இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் மிச்சிகன் ஏரிக்கரையின் மணல்மேட்டில் தன் ஆலைக்காக உருவாக்கிய ஊர். அந்த நிறுவனத் தலைவரின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. மால்டனைவிட ஊருக்கு ஆறு வயதுதான் அதிகம். செர்பியர், குரோவாசியர், போலந்துக்காரர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர் என்று பலரும் உலை வேலைக்கு அங்கே குவிந்தார்கள். பள்ளி முடித்த மால்டனும் ஆலையில் சேர்ந்து, 1934இல் நடிப்புப் பள்ளிக்குப் போகும்வரை அங்கே உழைத்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், கையிலிருந்த ஆலை வேலையை விட்டுவிட்டு நாடகம் படிக்கப் போகிறேன் என்று மகன் சொன்னால் எந்த வீட்டில் சிரித்த முகத்தோடு அனுப்புவார்கள்?

உலைக்கு முன்னால் நின்றவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். வீட்டிலும் உரத்துப் பேசுவோம், ஆனால் பக்கத்தில் நிற்பவன் கையும் கண்ணும் சொல்வதைக் கவனித்துக்கொண்டே இருப்போம், ஏனென்றால் இரைச்சலில் காது உதவாது. இழையில் ஒருவர் ‘முழங்குகிறார்’ என்றார், ஒருவர் ‘கேட்கிறார்’ என்றார். எனக்கு இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது வியப்பாகப் படவில்லை.

1980இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஸ்காக்’ என்றொரு தொடரில் நடித்தார். பிட்ஸ்பர்க் உருக்காலையில் மேற்பார்வையாளராக இருக்கும் செர்பிய அமெரிக்கர், பக்கவாதம் வந்து வீட்டோடு முடங்குகிறார். பாத்திரத்தின் பெயர் பீட். மால்டனின் தந்தை பெயர் பீட்டர். சில வாரங்களில் தொடரை நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போக முடியாத தொழிலாளி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதை வாரா வாரம் யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் பார்த்திருப்பேன்.

தொலைக்காட்சிக்காலம் எழுதியது:

தொலைக்காட்சி என்றதும் ‘தி ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ’ இன்னும் இழைக்குள் வரவில்லையே! 1972 முதல் 1977 வரை ஐந்து பருவங்கள் ஓடியது. மனைவியை இழந்த துப்பறியும் அதிகாரி மைக் ஸ்டோனாக மால்டன், கல்லூரி முடித்துவிட்டு வந்த இளைய அதிகாரியாக மைக்கேல் டக்ளஸ். அந்த நகரத்துத் தெருக்களிலேயே படம்பிடித்தார்கள். மேடேறும் சாலையில் அறுபது வயதுக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அந்த வேடத்துக்காக நான்கு முறை தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஒரு முறையும் கிடைக்கவில்லை. பிறகு 1984இல் ஒளிபரப்பான ‘ஃபேட்டல் விஷன்’ குறுந்தொடருக்காகக் கிடைத்தது. மருமகன் நிரபராதி என்று முதலில் நம்பி ஊரெல்லாம் வாதாடியவர், மெல்ல மெல்ல அவனே தன் மகளைக் கொன்றவன் என்ற முடிவுக்கு வரும் மாமனார் வேடம் அது. உண்மை வழக்கை ஒட்டி எடுக்கப்பட்டது. கஸானும் இல்லை, பிராண்டோவும் இல்லை என்பதைக் கடைசிவரிசை நண்பர் குறித்துக்கொள்ளலாம்.

டக்ளஸ் தமக்கு வேலை ஒழுக்கத்தைக் கற்றுத்தந்தவர் மால்டன்தான் என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கருப்புவெள்ளை எழுதியது:

புதுவரவு கேட்ட கேள்விக்கு என் விடை சற்றுக் கோணலானது. எல்லோரும் ‘ஸ்ட்ரீட்கார்’ என்பார்கள். நான் 1956இல் வந்த ‘பேபி டால்’ படத்தைச் சொல்வேன்.

மிசிசிப்பியில் ஒரு பாழடைந்த மாளிகை. ஆர்ச்சி லீ என்ற நொடித்துப்போன பருத்தி அரவைக்காரன், தன் இளம் மனைவிக்கு இருபது வயது நிறையும்வரை அவளைத் தொடுவதில்லை என்று அவளுடைய தந்தைக்கு வாக்குக் கொடுத்துக் கலியாணம் செய்திருக்கிறான். படத்தின் தொடக்கத்திலேயே அவன் சுவரில் ஓட்டை போட்டு, தூங்கும் மனைவியை எட்டிப் பார்க்கிறான். போட்டியாளனுடைய அரவை ஆலைக்குத் தீ வைக்கிறான். அந்தப் போட்டியாளனோ இவன் மனைவியைக்கொண்டே பழிவாங்குகிறான். நியூயார்க்கின் கர்தினால் ஸ்பெல்மன் தேவாலயப் பீடத்திலிருந்தே இந்தப் படத்தைக் கண்டித்தார். மால்டனுக்கு இதில் வெல்லும் காட்சி ஒன்றுகூட இல்லை. ஏமாளி, குடிகாரன், நிறவெறியன், பரிதாபத்துக்குரியவன், ஊரின் கேலிப்பொருள் என்று ஒரே ஆளுக்குள் அத்தனையையும் வைத்துக்கொண்டு, எந்த இடத்திலும் ‘நான் உண்மையில் நல்லவன்’ என்று ரசிகனிடம் கண்ணடிக்காமல் நடித்திருக்கிறார். முதன்மை வேடத்திலும் தன்னைச் சிறுத்துக்கொள்ள அவரால் முடிந்தது.

அதைப் பார்த்துவிட்டு 1961இல் பிராண்டோ தாமே இயக்கிய ஒரே படமான ‘ஒன்-ஐட் ஜாக்ஸ்’ பக்கம் போகலாம். பழைய கூட்டாளியைக் கைவிட்டு ஓடி, பிறகு ஊர் மதிக்கும் ஷெரிஃபாக மாறியவன் இவர். பெயரே ‘டாட்’ (அப்பா). அதே கூட்டாளியை நடுத்தெருவில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து, துப்பாக்கி பிடிக்கும் கையைத் துப்பாக்கிக் கட்டையால் நசுக்குகிறார். ‘ஸ்ட்ரீட்கார்’ படத்தில் கை நடுங்கியதே, இங்கே நடுங்கவில்லை. மேடைவாசி இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெயரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மாற்றிக்கொண்டதற்காக அவர் பிற்காலத்தில் வருந்தினார். வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழியும் கண்டுபிடித்தார். தாம் நடிக்கும் படங்களில் எங்காவது செகுலோவிச் என்ற பெயரை நுழைத்துவிடுவார். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ‘பேட்டன்’ படத்தில் தளபதி ஒமர் பிராட்லியாக வரும் மால்டன், குண்டுவீச்சுக்கு நடுவில் ஒரு சிப்பாயிடம் தலைக்கவசத்தைக் கேட்கும்போது அவனைச் செகுலோவிச் என்று அழைக்கிறார். ‘வாட்டர்ஃப்ரண்ட்’ படத்தில் தொழிற்சங்கக் கும்பலின் நெட்டை அடியாள் ஒருவனுக்கு ம்லாடென் செகுலோவிச் என்றே முழுப்பெயர். அதாவது பாதிரியார் போராடுவது தம் இயற்பெயரோடுதான்! சான் ஃபிரான்சிஸ்கோ தொடரில் சார்ஜன்ட் செகுலோவிச் என்றொரு காவலர் பெயர் அடிபடும். ம்லாடென் என்றால் செர்பிய மொழியில் இளையவன் என்ற பொருள் வரும்.

கடைசிவரிசை எழுதியது:

‘ஃபேட்டல் விஷன்’ விஷயத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ‘பேட்டன்’ படத்தையும் நேற்று மறுபடி பார்த்தேன். பேட்டனாக வரும் ஜார்ஜ் சி. ஸ்காட் அவ்வளவு ஆர்ப்பரிக்கும்போது பக்கத்தில் ஒருவர் அவரை அடக்கவும் செய்யாமல் அவரால் அடங்கிப்போகவும் செய்யாமல் நிற்பது எளிதல்ல. உண்மையான பிராட்லியே அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தார் என்பதால் கூடுதல் நெருக்கடியும் இருந்திருக்கும்.

இருந்தும் ஒரு முள் உறுத்துகிறது. 1952இல் கஸான், கம்யூனிஸ்டுகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் தம் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து, சாட்சி சொல்வதே வீரம் என்று காட்டும் ‘வாட்டர்ஃப்ரண்ட்’ வந்தது. அந்தப் படத்தில் சாட்சி சொல்லத் தூண்டும் குரல் மால்டனுடையது. 1999இல் கஸானுக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்க வேண்டும் என்று, ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமியின் நிர்வாகக் குழுவில் வாதாடியவரும் அவரே. விருது வழங்கப்பட்டபோது அரங்கில் பாதிப்பேர் எழுந்து கைதட்ட, சிலர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் அமர்ந்திருப்பேன்.

மேடைவாசி எழுதியது:

உட்கார்ந்திருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த இழை ஏற்கெனவே பூட்டப்பட்டதால் கஸானை விட்டுவிட்டு மால்டனுக்கு மட்டும் வருகிறேன்.

அவர் 1989 முதல் சில ஆண்டுகள் அகாடமியின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் அகாடமி நூலகம் பெவர்லி ஹில்ஸில் பழைய நீரேற்று நிலையக் கட்டடத்துக்கு மாறி, 1991இல் திறக்கப்பட்டது. குரூப் தியேட்டர் காலத்திலிருந்து தம்மை நம்பி வேடம் கொடுத்த ஒருவருக்காக, எண்பத்தாறு வயதில், பகை வரும் என்று தெரிந்தே எழுந்து பேசினார். அந்தப் பேச்சு கலைக்கான விருதைக் கேட்டதே தவிர 1952இல் நடந்ததை நியாயப்படுத்தவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். நன்றிக்கடன் சரியான காரணமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

கருப்புவெள்ளை கேட்டபடி இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். சவுக்கடிக்கு முன்னால் மால்டன் தம் மேலங்கியைக் கழற்றும் நிதானம் எனக்கு அச்சமூட்டியது. மிட்ச் தன் அங்கியைக் கழற்ற அவ்வளவு கூச்சப்பட்டவன்!

உருக்காலை எழுதியது:

செர்பியாவில் அவரை மறக்கவில்லை. 2018இல் பெல்கிரேடு நகரில் சிலை வைத்திருக்கிறார்கள்.

கருப்புவெள்ளை எழுதியது:

கடைசி வேடத்தைப் பற்றி யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன். 2000 பிப்ரவரியில், வெள்ளை மாளிகையைக் களமாகக் கொண்ட ‘தி வெஸ்ட் விங்’ என்ற கற்பனைத் தொடரின் ஓர் அத்தியாயம். மரண தண்டனையை நிறுத்திவைக்காமல் விட்டுவிட்ட அமெரிக்க அதிபரைப் பார்க்க, சிறுவயது முதல் அவரை அறிந்த பாதிரியார் வருகிறார். மால்டனுக்கு அப்போது வயது 87. உன்னைப் பெயர் சொல்லி அழைக்கட்டுமா, அதிபரே என்று அழைக்கட்டுமா என்று கேட்கிறார். அதிபர் தயங்கி, இப்போதைக்குப் பதவியின் பெயரே இருக்கட்டும் என்கிறார். பாதிரியார் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. வெள்ளத்தின்போது கடவுள் காப்பாற்றுவார் என்று வந்த உதவிகளையெல்லாம் திருப்பி அனுப்பியவனின் கதையைச் சொல்கிறார். நள்ளிரவு தாண்டி அதிபர் மண்டியிட்டுப் பாவமன்னிப்புக் கேட்கிறார்.

படப்பிடிப்புக்கு அவர் தம் வீட்டிலிருந்து ஒரு விவிலியம் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ படத்தில் பாதிரியார் பாரியின் கையில் இருந்த அதே பிரதி.